லைன்லயே இருங்க

அத்தியாயம் 9

அம்மாவின் கண்ணில் கட்டுப் பிரித்த அன்று அந்த வீட்டில் மூன்று பேரும் ஒன்றாகச் சிரித்தார்கள் என்று சொல்லி நிறுத்தியிருந்தோம். அந்தச் சிரிப்பு ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

கெடுத்தது ஒரு கார்.

சொந்தக் கார் இல்லை. அந்தக் குடும்பத்தில் யாருக்கும் எந்தக் காலத்திலும் கார் இருந்ததில்லை. அம்மாவை ஆபரேஷனுக்குக் கூட்டிப்போகச் சின்னவன் வாடகைக்கு எடுத்த கார். கண்ணில் கட்டோடு வருகிறவளை டூவீலரின் பின்னால் உட்காரவைத்துக் கொண்டுவர முடியுமா? பெரியவளுக்கு வேலை, வாடகைக் கார் கம்பெனியின் புகார்ப் பிரிவில். ஃபோனில் வருகிற புகார்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். ஊழியர்களுக்குச் சலுகை உண்டு. "என் பேர்லயே எடுத்துக்கோடா, பாதிச் செலவுதான் ஆகும்" என்று தம்பியிடம் சொன்னது அவள்தான். வம்பை விலை கொடுத்து வாங்கியதும் அவள்தான், அதுவும் சலுகை விலையில்.

காரைத் திருப்பி விட்ட மறுநாள் அவள் ஃபோனுக்கு ஒரு செய்தி வந்தது. 'பின்பக்கக் கதவில் நசுங்கல். சேதக் கட்டணம் உங்கள் கார்டில் நிறுத்திவைக்கப்பட்டுள்ளது. எங்கள் சேவையைத் தேர்ந்தெடுத்தமைக்கு நன்றி.'

அந்தக் கார்டில் இருந்தது அம்மாவின் இரண்டாவது கண்ணுக்கான பணம்.

திங்கட்கிழமை காலை. குளிக்கப் போன சின்னவன் திரும்பி வருவதற்குள் சமையலறை வாசலில் பெரியவள் வழிமறித்து நின்றாள். கையில் டிபன் டப்பா, தோளில் பை, காலில் செருப்புகூடப் போட்டாகிவிட்டது. போகிற போக்கில் முடித்துவிடலாம் என்று நினைத்துத்தான் நின்றாள்.

"கடைசியாக் கேக்கறேன். வண்டியை எடுக்கும்போது எடுத்த போட்டோ எங்கடா?"

"எடுக்கலைக்கா. எத்தனை தடவை சொல்றது?"

"ஏன் எடுக்கலை? சுத்தி வந்து நாலு பக்கமும் எடுடான்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னே. வண்டி எடுக்கற யார்டுல இருந்த அண்ணன், 'அவங்க தம்பியா நீ? அப்ப இது உங்க வீட்டு வண்டி மாதிரி, படம்லாம் எதுக்கு, எடுத்துட்டுப் போ'ன்னு சாவியைக் கையில வெச்சாரு. அவர் முன்னாடி நின்னு ஃபோனைத் தூக்கிப் படம் எடுத்தா, உன்னை நம்பாத மாதிரி இருக்கும்னு பட்டுது. விட்டுட்டேன்."

"அப்ப கதவு நசுங்கினது?"

"முன்னாடியே இருந்திருக்கும். நான் எங்கேயும் இடிக்கல."

"இருந்திருக்கும்னா? பார்த்தியா?"

"பார்க்கல. அம்மாவை ஏத்தற அவசரத்துல யாரு கதவையெல்லாம் பார்த்தா?"

"ஆதாரம் இல்லாம நாங்க எதுவும் செய்ய முடியாது."

சொன்ன பிறகுதான் அவள் காதிலேயே அது விழுந்தது. தலை துவட்டிக்கொண்டிருந்த துண்டைச் சின்னவன் தோளில் போட்டான்.

"யாருக்கா அந்த 'நாங்க'?"

இந்த இடத்தில் அவள் வாயை மூடியிருக்கலாம். ஆனால் அந்த வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் அவள். வாடகை, மருந்து, மின்சாரம் எல்லாம் அவள் தலையில். சுமக்கிறவளுக்கு வாயும் சேர்ந்து நீண்டுவிடுகிறது, அதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

"உன்னை நம்பணும்னு சொல்றியா? காலேஜுக்குப் போறேன்னு சொல்லிட்டு ஒரு வருஷம் பையைத் தூக்கிட்டுப் போய் பார்க் பெஞ்சுல உட்கார்ந்திருந்தவன்தானே நீ? அப்பவும் இதே முகத்தைத்தான் வெச்சுக்கிட்டு இருந்தே."

அந்தக் கதை முடிந்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. அதன் பிறகு கடன் வாங்கி டூவீலர் எடுத்து, கடைகளின் பார்சலை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்து, கடனை அடைத்து, அம்மாவின் மருந்துச் செலவில் பாதியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டவன் சின்னவன். ஆனால் சண்டை வரும்போதெல்லாம் அந்தப் பார்க் பெஞ்சைத் தூக்கிக்கொண்டு வந்து கூடத்தின் நடுவில் யாராவது போட்டுவிடுவார்கள்.

ஜன்னலோரத் தையல் மிஷினிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள். ஆஸ்பத்திரித் தலையணைகளுக்கு உறை தைக்கிற வேலை. கண் தேறும்வரை தைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் சும்மா மிஷினின் முன்னால் உட்கார்ந்து துணியை மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு கண்ணால பார்க்கும்போதே உங்க ரெண்டு பேரையும் தாங்கல. இன்னொண்ணும் தெரிஞ்சா நான் என்ன ஆவேன்? இப்படியே விட்டுடுங்க. ஊசி கோக்கறவங்க எப்படியும் ஒரு கண்ணை மூடிக்கிட்டுத்தான் கோக்கறாங்க."

யாரும் சிரிக்கவில்லை.

"சரி" என்றான் சின்னவன். "நான்தான் இடிச்சேன். போதுமா?"

"இடிச்சியா?"

"இடிச்சேன்னு சொன்னாத்தானே இந்த வீட்டுல எல்லாருக்கும் நிம்மதி? நீதானே சொன்னே, ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டுப் பணத்தைக் கட்டிட்டா, கார்டுல நிறுத்திவெச்சதை அன்னைக்கே விட்டுடுவாங்கன்னு? இன்னைக்குப் போய்ப் போடறேன். அம்மா கண்ணுக்கு நாள் குறிச்சிடு."

"கட்டறதுக்குப் பணம்?"

வாசலில் நின்ற டூவீலரைப் பார்த்தான். அவள் பக்கம் திரும்பவில்லை.

"அது என் கவலை. அதுக்கும் ஆதாரம் கேப்பியா?"

பெரியவளுக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. போய்விட்டாள்.

*

மன்னிப்புக் கேட்பது பெரியவளின் தொழில்.

காலையில் ஹெட்செட்டைத் தலையில் மாட்டினால் மாலையில் கழற்றுகிறவரை மன்னிப்பு. உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு மன்னிக்கவும். உங்கள் உணர்வு எங்களுக்குப் புரிகிறது. உங்கள் கட்டணத்தைத் திருப்பித் தர இயலாது. இந்த மூன்று வரியையும் எந்த வரிசையில் சொன்னாலும் அர்த்தம் மாறாது. பெட்ரோலைப் பாதியாக விட்டதற்குக் கட்டணம், சீட்டில் மணல் இருந்ததற்குக் கட்டணம், சாவியைத் தாமதமாகக் கொடுத்ததற்குக் கட்டணம். சாவியை வாங்க ஆள் இல்லாமல் அவர்கள்தான் காத்திருந்தார்கள் என்றாலும் கட்டணம்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஆறப்போடுதல் என்று பெயர். கற்றுக்கொடுத்தவர் சூப்பர்வைசர். அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை என்பதால் அவருக்கு 'சாந்தம்' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"கோபமா வர்றவங்களோட சண்டைக்கு நிக்காதம்மா" என்பார் சாந்தம். "லைன்லயே இருங்கன்னு சொல்லிப் பாட்டைப் போட்டு விட்டுடு. கொதிக்கக் கொதிக்க வர்ற டீ மாதிரிதான் அவங்க. கொஞ்சம் வெச்சிருந்தா ஆடை கட்டிடும்."

பெரியவள் இதில் கெட்டிக்காரி. அவள் ஆறப்போட்டவர்களில் பாதிப் பேர் தாங்களாகவே ஃபோனை வைத்துவிடுவார்கள். அந்தப் பிரிவிலேயே அவளுக்குத்தான் நல்ல பெயர். வேலை நிரந்தரமாகப் போகிறது என்று பேச்சு.

பக்கத்து சீட்டுக்காரி முழங்கையால் இடித்தாள்.

"உன் சொந்தக்காரம்மா லைன்ல வந்துட்டாங்கடி."

திங்கட்கிழமை அம்மா. வாரா வாரம் திங்கட்கிழமை கூப்பிடுகிறவள் என்பதால் அந்தப் பெயர். யார் எடுத்தாலும் பெரியவளிடம்தான் தள்ளிவிடுவார்கள்.

"வணக்கம். உங்களுக்கு நான் எப்படி உதவலாம்?"

"நீதானா? நல்லது. மறுபடி முதல்ல இருந்து சொல்ல வேண்டியதில்ல." அந்தக் குரலில் கோபம் தீர்ந்துபோய் வெகுநாள் ஆகியிருந்தது. "படத்தைத் திரும்ப அனுப்பியிருக்கேன். பார்த்தீங்களா?"

"பார்த்தோம்மா. நசுங்கலும் நம்பர் பிளேட்டும் ஒரே படத்துல தெரியணும். இது கம்பெனி விதி."

"கதவு பக்கவாட்டுல இருக்கு. நம்பர் பின்னாடி இருக்கு. மூலையில நின்னு எடுத்த படத்துல வெயில்ல குழி தெரியவே மாட்டேங்குது. ரெண்டு படமா அனுப்பினா ஒரே படமாக் கேக்கறீங்க. வண்டியை வளைச்சா எடுக்க முடியும்?"

பெரியவள் பதிலை மனப்பாடமாக வைத்திருந்தாள். வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மா தொடர்ந்தாள்.

"எனக்குப் பணம் வேண்டாம்னு போன வாரமே சொல்லிட்டேன். எடுத்ததை எடுத்துக்குங்க. என் வீட்டுக்காரர் காலமெல்லாம் லாரி ஓட்டினவர். ஒரு கீறல் போட்டதில்ல. ஆஸ்பத்திரியில இருந்து வந்ததும், ஒரு தடவை ஸ்டியரிங்கைப் பிடிச்சுப் பார்க்கணும்னு ஆசைப்பட்டாரு. அதுக்குத்தான் உங்க வண்டியை எடுத்தது. கிளம்பறதுக்கு முன்னாடி வண்டிமேல சாஞ்சு நிக்கச் சொல்லிப் படம் எடுத்தேன். அவர் நின்னு எடுத்த கடைசிப் படம் அதுதான். அவர் ஓட்டின கடைசி வண்டியும் அதுதான். அதுல போய் 'ஓட்டுநரின் கவனக்குறைவு'ன்னு எழுதி வெச்சிருக்கீங்களே, அந்த வரியை மட்டும் அழிங்க."

இதையும் அவள் முன்பே கேட்டிருக்கிறாள். போன வாரம் இதே இடத்தில்தான் பாட்டைப் போட்டுவிட்டு, பக்கத்து சீட்டுக்காரியிடம் பிஸ்கட் வாங்கித் தின்றாள்.

"உங்க உணர்வு எங்களுக்குப் புரியுதும்மா..."

"அந்தப் படத்துல அவர் முழங்கைக்குக் கீழேயே குழி தெரியுது பாரு. பின்கதவுல, கைப்பிடிக்குக் கீழே. உள்ளங்கையை வெச்சு அமுக்கின மாதிரி. இடிச்சா அப்படி வழவழன்னு விழுமா? பெயின்ட்கூடப் போகல. லாரிக்காரர் பொண்டாட்டிக்கு அதுகூடத் தெரியாதா?"

பெரியவளின் கை விசைப்பலகையில் நின்றுவிட்டது.

ஊழியர்கள் தங்கள் சொந்தக் கணக்கைத் திறக்கக் கூடாது என்பது அங்கே கண்டிப்பான விதி. தம்பி ஓட்டிய காரின் நம்பர்கூட அவளுக்குத் தெரியாது. ஆனால் அந்த அம்மாவும் வண்டி எடுத்தது அதே யார்டில்தான். அதே பின்கதவு, அதே நசுங்கல்.

"கொஞ்சம் லைன்லயே இருங்க" என்றாள். இந்த முறை ஆறப்போடுவதற்காகச் சொல்லவில்லை.

பாட்டு ஓடிற்று. ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் படிக்கட்டுக்கு ஓடினாள். தம்பியின் ஃபோன் அணைந்திருந்தது. மறுபடி போட்டாள். அணைந்தேதான் இருந்தது. வீட்டுக்குப் போட்டாள்.

"அம்மா, தம்பி எங்கே?"

"கிளம்பிட்டான். வண்டியை ஈரத்துணியால துடைச்சு, பளபளன்னு ஆக்கிட்டுப் போறான். என்னடா, பொண்ணு பார்க்கப் போறியான்னு கேட்டேன். ஆமா, வண்டிக்குன்னான்."

டூவீலரை விற்கப் போகிறான் என்று பெரியவளுக்குப் புரிந்தது.

"அம்மா, அன்னைக்கு ஆஸ்பத்திரிக்குக் கார்ல ஏறினே இல்ல? போகும்போது. எந்தக் கதவு?"

"பின்னாடிக் கதவுதான். எனக்கு எல்லாம் புகையாத்தானே தெரிஞ்சுது. தடவித் தடவித்தான் ஏறினேன்."

"தடவும்போது கதவு எப்படி இருந்துது?"

"எப்படி இருக்கும்? நல்லா இருந்துது. வயசானவங்க கை வெச்சு ஏறத் தோதா ஒரு குழிகூடப் போட்டிருந்தாங்க. கையை அதுல வெச்சு அழுத்திக்கிட்டு ஏறினேன். நல்லாத்தான் யோசிச்சுச் செய்யறாங்கன்னு நினைச்சுக்கிட்டேன்."

"என்னம்மா சொல்றே? குழியா?"

"ஏண்டி, எல்லாக் கார்லயும் இருக்காதா அது?"

"இத்தனை நாளா இதை ஏம்மா சொல்லல?"

"கதவு நசுங்கிடுச்சுன்னு நீங்க ரெண்டு பேரும் கத்தினீங்க. நசுங்கலைப் பத்தி எனக்கு என்ன தெரியும்? நான் பார்த்தேனா? என்னை யாரும் கேக்கவும் இல்ல." அம்மாவின் குரல் சிறுத்தது. "அது கைவெக்கிற இடம் இல்லையா?"

"இல்லம்மா."

"அப்ப பையன் பொய் சொல்லலையா?"

பெரியவள் ஃபோனை அணைத்தாள்.

*

சாந்தம் கண்ணாடி அறையில் வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தார். அவள் மூச்சு விடாமல் சொல்லி முடிக்கிறவரை குறுக்கே பேசவில்லை. அது அவர் பழக்கம். அவரும் ஆளை ஆறப்போடுவார், பாட்டு இல்லாமல்.

"ரெண்டும் ஒரே வண்டியான்னு மட்டும் பாருங்க சார். நான் திறக்கக் கூடாது. நீங்க திறக்கலாம்."

அவர் திறந்தார். திரையில் ஓடிய அவர் கண் ஓரிடத்தில் நின்றது. பிறகு கொஞ்சம் கீழே போயிற்று. இன்னும் கொஞ்சம் கீழே. அவர் படிக்கப் படிக்க அவர் முகத்திலிருந்து அவளும் படித்துவிட்டாள். இரண்டு பேர் மட்டும் இல்லை.

திரையை மூடினார்.

"இது உன் சொந்த விஷயம்மா."

"ஒரே வண்டியா சார்?"

"தம்பி ஒத்துக்கறதாக் காலையிலேயே யார்டுக்கு ஃபோன் பண்ணியிருக்கான். நல்ல பையன். பிரச்சினை முடிஞ்சுது. உனக்கு நிரந்தரம் ஆகப் போற நேரம். இப்ப எதுக்கு இது?"

"ஒரே குழிக்கு எத்தனை பேர்கிட்ட வாங்கியிருக்கோம் சார்?"

"குரலைத் தாழ்த்திப் பேசு."

"அந்தக் கதவைச் சரி பண்ணக்கூட இல்லையா?"

சாந்தம் கோப்பையை மேஜைமேல் ஓசைப்படாமல் வைத்தார். "வாடிக்கையாளர் விவரத்தைச் சொந்தக் காரியத்துக்குப் பயன்படுத்தினா என்ன ஆகும்னு உனக்குத் தெரியும். நீயே படிச்சுக் கையெழுத்துப் போட்டிருக்கே. சீட்டுக்குப் போம்மா. லைன்ல ஒருத்தர் ரொம்ப நேரமாக் காத்திருக்காங்க."

அவள் சீட்டுக்குப் போனாள். திங்கட்கிழமை அம்மா இன்னும் லைனில்தான் இருந்தாள். இத்தனை வாரத்தில் ஒரு தடவைகூடப் பாட்டுக்குப் பயந்து வைத்துவிடாதவள் அவள்.

ஹெட்செட்டை எடுத்தாள். இந்த லைனில் பேசுவதெல்லாம் பதிவாகும். சாந்தம் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு... நான் பிறகு கூப்பிடறேன்மா."

"இதுவரைக்கும் அப்படிச் சொன்ன யாரும் கூப்பிட்டதில்ல" என்றாள் அந்த அம்மா. வைத்துவிட்டாள்.

திரையில் அவள் நம்பர் மறைவதற்குள் பெரியவள் அதை மனசுக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பையை எடுத்தாள்.

"எங்கடி போறே?" என்றாள் பக்கத்து சீட்டுக்காரி.

"தலைவலி."

"ஆளைப் பார்த்தா அடுத்தவங்களுக்குக் குடுக்கப் போறவ மாதிரி இருக்கே."

*

யார்டு என்றால் தகரக் கூரை, சிமென்ட் தரை, கழுவிய தண்ணீர் ஓடுகிற ஒரு சாக்கடை. கார்கள் வரிசையாக நின்றன.

தேட வேண்டியிருக்கவில்லை. முன்வரிசையிலேயே நின்றது அந்தக் கார். கழுவி முடித்து, கண்ணாடியில் தண்ணீர் சொட்டச் சொட்ட, அடுத்த வாடிக்கைக்குத் தயாராக. பின்கதவில் கைப்பிடிக்குக் கீழே அந்தக் குழி. யாரும் அதைத் தொடவில்லை. தொட்டால் வருமானம் போய்விடும்.

அவள் உள்ளங்கையை அதில் வைத்தாள். கச்சிதமாகப் பொருந்தியது. இதே இடத்தில்தான் அம்மா கை வைத்து, 'நல்லாத்தான் யோசிச்சுச் செய்யறாங்க' என்று நினைத்திருக்கிறாள்.

பக்கத்தில் ஒரு பெண்ணும் அவள் புருஷனும் பெட்டியோடு நின்றார்கள். யார்டு அண்ணன் அவர்களிடம் சாவியை நீட்டிக்கொண்டிருந்தார். "படம்லாம் எதுக்கு சார்? நம்ம ஆளுங்கதானே."

"எடுங்க" என்றாள் பெரியவள்.

மூன்று பேரும் திரும்பினார்கள்.

"நாலு பக்கமும் எடுங்க. இந்தக் கதவைக் கிட்டப் போய் எடுங்க. நம்பரோட சேர்த்து வீடியோவா எடுங்க. இப்பவே."

புருஷன்காரன் ஃபோனைத் தேடினான். யார்டு அண்ணன் சிரித்தார், கண் சிரிக்கவில்லை. "என்ன தங்கச்சி, நம்ம கம்பெனிச் சோத்தைத் தின்னுக்கிட்டு..."

"என் தம்பி எங்கே?"

"இப்பத்தான் போனான். தங்கமான பையன். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசல. காட்டின இடத்துல கையெழுத்துப் போட்டான், கொண்டாந்ததைக் கட்டினான், போயிட்டான்."

அவள் ஓடினாள். தெருமுனையில் பஸ் நிறுத்தம். நிழற்கூரையின் கீழ் சின்னவன் உட்கார்ந்திருந்தான். கையில் ஹெல்மெட். டூவீலரை வாங்கியவன் ஹெல்மெட் தனக்கு அளவாக இல்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டானாம்.

அவளைப் பார்த்ததும் அவன் எழுந்திருக்கவில்லை. கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான்.

"முடிஞ்சுதுக்கா. சாயந்தரத்துக்குள்ள கார்டுல விட்டுடறோம்னாங்க. ஆஸ்பத்திரிக்குச் சொல்லிடு."

"ஏண்டா ஃபோனை அணைச்சு வெச்சே?"

"நீ திட்டுவேன்னு. இல்லன்னா வேண்டாம்பே. ரெண்டுல எதைச் சொன்னாலும் எனக்குக் கை நடுங்கியிருக்கும்."

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். சொல்ல வேண்டியதைச் சொல்ல அவளிடம் கம்பெனி வார்த்தைகள்தான் இருந்தன. ஏற்பட்ட சிரமத்துக்கு மன்னிக்கவும். அதை விழுங்கினாள்.

"நீ இடிக்கலடா."

"தெரியும்."

"அந்தக் குழி முன்னாடியே இருந்துது. அம்மா தொட்டிருக்காங்க. இன்னொரு வீட்டுலயும் இதே குழிக்கு வாங்கியிருக்காங்க. நீ பொய் சொல்லல."

"அதுவும் எனக்குத் தெரியும்க்கா." சின்னவன் ஹெல்மெட்டின் கண்ணாடியைத் தூக்கினான், இறக்கினான். "உனக்கு இப்பத்தான் தெரியுதா? இதுக்குள்ளே ரெண்டு பேர்கிட்ட விசாரிச்சிருக்கே. நான் சொன்னப்ப நம்பல. பரவாயில்ல. ஆதாரம் கிடைச்சிடுச்சு இல்ல?"

அதில் கேலி இல்லை. கேலி இருந்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள்.

"கையெழுத்தை ரத்து பண்ண வைக்கறேன்."

"எப்படி? 'இடிச்சது நான்தான், முழு மனசோட ஒத்துக்கறேன்'னு எழுதியிருக்கேன். நாளைக்கு யாராவது டிரைவர் வேலைக்குக் கூப்பிட்டு, என் பேரைப் போட்டுப் பார்த்தா, அது வரும். விடுக்கா. பார்க் பெஞ்சு பக்கத்துல இதையும் போட்டு வை."

பஸ் வந்தது. அவன் ஏறவில்லை. அவளும் ஏறவில்லை. டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

பெரியவள் தன் சொந்த ஃபோனை எடுத்தாள். மனப்பாடம் செய்து வைத்திருந்த நம்பரைப் போட்டாள். வாடிக்கையாளரைச் சொந்த ஃபோனில் கூப்பிட்டால் அன்றைக்கே சீட்டைக் கிழித்துவிடுவார்கள். தெரிந்துதான் போட்டாள். அந்த அம்மாவிடம் இருக்கிற படம், சின்னவன் அந்தக் காரைத் தொடுவதற்கு வெகுநாள் முன்பு எடுத்தது. அதைத் தவிர இந்த உலகத்தில் இவனுக்குச் சாட்சி சொல்ல எதுவும் இல்லை. அந்தப் படத்தைத்தான் அவள் வாராவாரம் செல்லாது என்று திருப்பியிருந்தாள்.

மணி அடித்தது. எடுத்தார்கள்.

"யாரு?"

"அம்மா, நான்... கம்பெனியில இருந்து பேசல."

"நீ அந்தப் பொண்ணுதானே?"

"ஆமாம்மா."

"கூப்பிடறேன்னு சொன்னே. கூப்பிட்டுட்டியே."

"அம்மா, உங்க வீட்டுக்காரர் இடிக்கல. எனக்குத் தெரியும். அதே வண்டி, அதே குழி. இப்ப என் தம்பி தலையில கட்டிட்டாங்க. அவன் கையெழுத்தும் போட்டுட்டான். உங்க படம் இருந்தா ரெண்டு பேர் பேரையும் துடைச்சிடலாம். உங்க கால்ல விழுந்து கேக்கறேன், அந்தப் படத்தை எனக்கு அனுப்புங்க. நீங்களும் ஒரு வார்த்தை வந்து சொல்லணும்."

"உன் தம்பிக்கா?"

"ஆமாம்மா."

"உன் தம்பி இடிக்கலைன்னு உனக்கு எப்படித் தெரியும்? நம்பர் பிளேட்டோட படம் இருக்கா?"

பெரியவள் கண்ணை மூடிக்கொண்டாள். சின்னவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் கேட்டது.

"இல்லம்மா."

"ம்."

நாற்காலி நகர்கிற சத்தம். அந்த அம்மா எழுந்துகொள்கிறாள் போலிருக்கிறது. அடுத்த வார்த்தை வந்தபோது 'நீ' போய் 'நீங்க' ஆகியிருந்தது.

"கொஞ்சம் லைன்லயே இருங்க."

ஃபோனை மேஜைமேல் வைக்கிற ஓசை கேட்டது. பிறகு காலடி. எங்கேயோ குழாயில் தண்ணீர் விழுந்தது, பாத்திரம் உருண்டது. யாரோ "ஃபோன்ல யாரு?" என்று கேட்டார்கள்.

"யாரோ ஒருத்தி" என்றாள் அந்த அம்மா, தூரத்திலிருந்து. "காத்திருக்கட்டும்."

இன்னொரு பஸ் வந்து நின்று போயிற்று. சின்னவன் ஹெல்மெட்டை மடியில் கவிழ்த்துவைத்துக்கொண்டான்.

பெரியவள் ஃபோனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அந்தப் பக்கம் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது.